வாங்கில் நீந்தியவர்கள்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நாம் விடைபெற்றபோது, தருமலிங்க வாத்தியார் தம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் நீச்சற் பரீட்சையில் சித்தியடைய வைத்துவிட்டு, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். பரீட்சை வகுப்பறையில் நடந்தது. தண்ணீர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நல்ல பரீட்சைகளில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சொல். குருவிட்டவுக்கு அப்பால் உள்ள அந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். நடுவில் ஒரு தோணி. மாரியில் தோணி கவிழ்ந்து, ஓர் ஆடும் தோட்டத்தை நடத்தும் துரையின் தபால் பையும் போய்விட்டன. தபால் பை போன பிறகு துரைக்குப் பிள்ளைகளின் உயிரைப் பற்றி யோசனை வந்தது. நீந்தத் தெரியாத பிள்ளை இனித் தோணியில் ஏறக்கூடாது, வாத்தியார் சோதித்துச் சொல்லவேண்டும் என்று கட்டளை போட்டார்.

வாத்தியார் யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் வளர்ந்தவர். தண்ணீர் என்பது வாளியில் வரும் ஒன்று என்பதே அவருடைய அனுபவம். ஆனால் பிள்ளைகள் தோணி ஏறாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் வாத்தியாரும் இல்லை. ஆகவே பிள்ளைகளை வகுப்பில் உட்காரும் நீள வாங்குகளில் குப்புறப் படுக்க வைத்து, கையை விரி, காலை மடக்கு என்று சோதித்தார். எல்லோரும் சித்தி. லயத்து ஜெயம்மாவின் மகள் இலட்சுமி முதலாவது. அவள் கைவிரிப்பில் ஒரு நளினம் இருந்ததாக வாத்தியார் வீட்டில் வந்து சொன்னார்.

இனி, வெள்ளிக்கிழமை.

அன்று இரண்டு பேர் சோதனைக்கு வந்திருந்தார்கள். துரை பிள்ளைகளைச் சோதிக்க வந்தார். இரத்தினபுரி அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கும் அம்பலவாணர், வாத்தியாருடைய குடும்பத்தைச் சோதிக்க வந்தார்.

அம்பலவாணருடைய சகோதரி மகனுக்குக் கொழும்புத் தபால் கந்தோரில் உத்தியோகம். அவனுக்கு வாத்தியாரின் மகள் கனகாம்பிகையைக் கேட்டிருந்தது. கனகாம்பிகை மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்திருந்தாள். பார்த்தது போதாதென்று, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்து, அரிசி எடுக்கும்போதெல்லாம் பார்த்தாள். அந்த வீட்டில் அண்மைக் காலமாக அரிசி அடிக்கடி எடுக்கப்பட்டது.

அம்பலவாணர் ஒருவரைக் கண்டால் முதலில் பெயரைக் கேட்பார். அடுத்து ஊரைக் கேட்பார். அடுத்து, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார். அந்த மூன்றாவது கேள்விக்குப் பிறகு நின்றுபோன கலியாணங்கள் பல.

“துரை வாற நாளிலை நீங்களும் வந்தது நல்லதாப் போச்சு, அண்ணை,” என்றார் வாத்தியார். “எங்கடை பிள்ளையளின்ரை திறமையைப் பார்க்கலாம்.”

“பார்ப்பம், பார்ப்பம். பார்க்கத்தானே வந்தனான்.”

வாங்குகள் ஆற்றங்கரைக்குத் தூக்கி வரப்பட்டு, தண்ணீரைப் பார்த்தபடி வரிசையாகப் போடப்பட்டன. மேலே ரோட்டோரத்தில் துரையும் அம்பலவாணரும் ஒரே பெரிய குடையின் கீழே நின்றார்கள். தூறல். முதல் மாணவியின் தாய் என்றபடியால் ஜெயம்மாவுக்கு மட்டும் வேலையிலிருந்து தோட்டக் கங்காணி விடுதலை கொடுத்திருந்தார். ஆண்கள் நிற்கும் இடத்தில் நிற்கக்கூடாதென்பதால், வாத்தியாரின் மனைவி செல்வநாயகியும் கனகாம்பிகையும் கோப்பிப் பாத்திரத்தோடு கீழே, ஆறு வளையும் இடத்தில், மூங்கில் பத்தைக்குப் பின்னால் நின்றார்கள்.

“ஒண்டு! இரண்டு!” என்றார் வாத்தியார்.

வாங்குகளின் மேல் பிள்ளைகள் நீந்தினார்கள். தூறலில் வாங்குகள் வழுக்கின. இரண்டொருவர் விழுந்து மறுபடி ஏறி நீந்தினார்கள். மொத்தத்தில் மிகவும் ஒழுங்கான நீச்சல். துரை புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

“யார் ஃபஸ்ட்?” என்று கேட்டார்.

“இலட்சுமி, சேர். எழுந்து நில்லு, பிள்ளை.”

இலட்சுமி எழுந்து நின்றாள். துரை அவளைப் பார்த்துக் கை தட்டினார். அதுவரை அவளைப் பார்த்து எந்தத் துரையும் கை தட்டியதில்லை. இந்தக் கைதட்டலுக்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். தோணித்துறைப் பலகையில் ஓடினாள். வாத்தியார் கூப்பிடுமுன் குதித்துவிட்டாள்.

வாங்கில் செய்ததையே செய்தாள். கையை விரித்தாள், காலை மடக்கினாள். நளினம் சிறிதும் குறையவில்லை. ஆறு அந்தப் பாடத்தைப் படித்திருக்கவில்லை.

“அனே! லமயா!” ஐயோ, பிள்ளை என்று தோணிக்கார அப்புஹாமி சிங்களத்தில் கத்தினார். அவரும் தோணியும் அந்தக் கரையில் இருந்தார்கள்.

துரை பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார். அது முழங்கால் வரை வார் போட்டுக் கட்டிய பூட்ஸ்.

“ஐயா! எம் புள்ள! ஐயா!” ஜெயம்மா கரையோடு ஓடினாள்.

தருமலிங்க வாத்தியார் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். அவர் தண்ணீரின் விளிம்பு வரைக்கும் போனார். செருப்பு நனைந்ததும் நின்றார். பிறகு, தம்மிடம் இருந்த ஒரே கயிற்றை எறிபவர்போல, தொண்டை கிழியக் கத்தினார்:

“கையை விரி! இலட்சுமி, கையை விரி! ஒண்டு! இரண்டு!”

தலை ஒருமுறை மேலே வந்தது. கட்டளை கேட்டிருக்கும் போலும், கை விரிந்தது. மறுபடி உள்ளே போனது.

மூங்கிலுக்குப் பின்னால் செல்வநாயகி கோப்பிப் பாத்திரத்தை மகளிடம் கொடுத்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“அம்மா, வேண்டாம்!” என்றாள் கனகாம்பிகை. என்ன வேண்டாம் என்று அவளுக்கே தெரியாது. அந்தச் செருகலைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

செல்வநாயகி தண்ணீருக்குள் போனது சத்தமே இல்லாமல். ஒரு கை போக ஒரு கை வர, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, இழுப்புக்குக் குறுக்கே சரிந்து போனாள். அடுக்களையில் அந்தத் தாய் ஒருநாளும் அவ்வளவு இலகுவாக நடந்ததைக் கூட மகள் கண்டதில்லை. வளைவுக்கு வந்த பிள்ளையைக் கூந்தலில் பிடித்தாள், மல்லாத்தினாள், ஒரு கையால் இழுத்துக்கொண்டு ஆழம் குறைந்த இடத்துக்கு வந்தாள். அங்கே ஜெயம்மா இடுப்பளவு தண்ணீரில் விழுந்தடித்து இறங்கிப் பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். பிள்ளை இருமியது, வாந்தி எடுத்தது, அழுதது. அழுததும் ஜெயம்மா அவளை ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

“எங்கை அம்மா பழகினனீங்கள்?” மூங்கிலடியில் மகளுக்குப் பல் அடித்தது. நனைந்தவளுக்கு அல்ல.

“வாயை மூடு. உன்ரை சால்வையைத் தா.”

எங்கே பழகினாள் என்பதை வாசகருக்கு நான் சொல்லிவிடுகிறேன், அவள் சொல்லமாட்டாள். தாயை இழந்த செல்வநாயகி சிறு வயதில் ஊர்காவற்றுறையில் மாமன் வீட்டில் வளர்ந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கடல். கடலுக்குப் பக்கத்தில் கடற்றொழிற் குடும்பங்களின் பெண் பிள்ளைகள். அவர்களோடு இறங்குதுறையிலிருந்து குதித்து விளையாடியவள், பெரியபிள்ளையானதும் வட்டுக்கோட்டைக்கு அழைத்து வரப்பட்டாள். அதற்குப் பிறகு கடல் அவள் வாழ்க்கையில் நடக்கவேயில்லை என்று குடும்பத்தார் முடிவு செய்தார்கள். நீந்தத் தெரிந்த பெண் என்றால், எந்தக் கரையில், யாரோடு என்று கேட்பார்கள். அம்பலவாணருடைய மூன்றாவது கேள்வி அதுதான்.

ஜெயம்மா சொட்டச் சொட்டப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். மேலே நின்றவர்கள் தூறலுக்குள்ளே ஒரு பெண்ணும் ஒரு சேலையும் தண்ணீரைக் கிழித்துப் போனதைத்தான் கண்டிருந்தார்கள். நனைந்த சேலைகளுக்கெல்லாம் ஒரே நிறம்.

“நல்ல பொம்பளை! ரொம்ப நல்ல நீச்சல்!” என்றார் துரை. அவருடைய ஒரு பூட்ஸ் இன்னும் காலில் இருந்தது. “இவதானே, வாத்தியார்?”

வாத்தியாரின் தொண்டையில் இன்னும் ‘ஒண்டு, இரண்டு’ நின்றது. குடையின் கீழ் அம்பலவாணர் கண்களைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“யெஸ், சேர்,” என்றார் வாத்தியார்.

ஜெயம்மா அவரைப் பார்த்தாள். பிறகு மூங்கில் பத்தையைப் பார்த்தாள். பிள்ளை உயிரோடு கையில் இருக்கிறவளுக்கு, புகழ் யார் பெயரில் போனாலும் ஒன்றுதான்.

மத்தியானம். வெள்ளிக்கிழமைச் சைவச் சாப்பாடு. அம்பலவாணர் சம்மணம் கட்டி உட்கார்ந்து இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

“அந்தத் தோட்டத்துப் பொம்பிளை நீந்தின நீச்சலைக் கண்டியளோ, வாத்தியார்?”

“கண்டனான், அண்ணை.”

“தோட்டத்துச் சனம், ஆரும் ஒண்டும் கேட்கமாட்டினம். எங்கடை வீட்டுப் பொம்பிளையள் உப்பிடி ஆத்திலை பாய்ஞ்சால் என்ன சொல்லுவினம்? எந்தத் துறையிலை பிறந்தவள் எண்டு கேட்க மாட்டினமோ?”

“கேப்பினம், அண்ணை.”

“கேக்கத்தானே வேணும்.”

செல்வநாயகி இரசம் ஊற்றினாள். ஒரு துளி வெளியே விழவில்லை.

அம்பலவாணர் அண்ணாந்து பார்த்தார். “தங்கச்சி, தலை நனைஞ்சு கிடக்கு?”

சமையலறை வாசலில் நின்ற கனகாம்பிகை சட்டென்று உள்ளே மறைந்தாள்.

“வெள்ளிக்கிழமை, அண்ணை. முழுகினனான்,” என்றாள் செல்வநாயகி.

“அதுதானே!” அம்பலவாணர் வாத்தியாரைப் பார்த்துத் தலையசைத்தார். “ஊர் விட்டு ஊர் வந்தும் முழுக்கை விடேல்லை. குடும்பம் எண்டால் இதுதான் குடும்பம். எனக்குத் திருப்தி. மிச்சத்தைப் பின்னேரம் பேசுவம்.” இரண்டாம் முறையாகப் பாயாசம் வாங்கிக்கொண்டு, முன் அறையில் போய்ப் படுத்தார். குறட்டையும் திருப்தியானதாகவே இருந்தது.

வாத்தியார் மெல்லச் சமையலறைக்கு வந்தார். அந்த வீட்டில் அவர் சமையலறைக்குள் வருவது அபூர்வம்.

“நாயகி.”

அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“உமக்கு நீந்தத் தெரியும் எண்டு நீர் எனக்குச் சொல்லேல்லை.”

“உங்களுக்குத் தெரியாது எண்டு நீங்களும் துரைக்குச் சொல்லேல்லை.”

அவர் முன் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். “பிள்ளையின்ரை கலியாணம்…”

“அதுக்காகத்தானே தலை முழுகினன்,” என்று சொல்லிவிட்டு அவள் சாம்பலை எடுத்துத் தேய்த்தாள்.

அவர் போனதும் கனகாம்பிகை அவள் அருகில் வந்து குந்தினாள். “அம்மா, எனக்கு உங்களை நினைக்கப் பெருமையாத்தான் கிடக்கு.”

“ம்.”

“ஆனால் சொல்லிப்போடாதேங்கோ. எனக்கு… எனக்கு இந்தக் கலியாணம் வேணும் அம்மா.” சொல்லிவிட்டு, இரண்டாவதாகச் சொன்னது முதலாவதைத் தின்றுவிட்டதை உணர்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

செல்வநாயகி சாம்பற் கையின் பின்புறத்தால் மகளின் தலையைத் தொட்டாள். “நான் ஆருக்கும் சொல்லமாட்டன்,” என்றாள். மனமார்ந்துதான் சொன்னாள். அப்போது பின்னேரம் ஆகவில்லை.

பின்னேரம், பின் விறாந்தையில் ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வந்த வாங்குகளில் ஒன்று ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. ஜெயம்மா இலட்சுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றாள். இன்னொரு கையில் வாழைச் சருகில் சுற்றிய கித்துள் கருப்பட்டி.

“அம்மாவுக்குங்க.” செல்வநாயகியின் காலடியில் வைத்துவிட்டுக் காலைத் தொடக் குனிந்தாள். செல்வநாயகி தள்ளி நின்றாள்.

“உதெல்லாம் வேண்டாம், ஜெயம்மா. பிள்ளைக்கு எப்பிடி?”

“கஞ்சி குடிச்சிச்சுங்க. லயத்துல எல்லாருக்கும் தெரியும்மா, யாரு எறங்குனதுன்னு. ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாங்க. நான் சொல்லி வச்சிருக்கேன்.”

இலட்சுமி வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம் இன்னும் சிவந்திருந்தது.

“ஐயா, நான் பாஸுதானுங்களே?”

வாத்தியார் சால்வையின் நுனியைத் திருகினார்.

“நீங்க சொன்ன மாதிரித்தான் ஐயா செஞ்சேன். கைய நல்லாத்தான் விரிச்சேன். நீங்க கரையில நின்னு சொன்னதும் கேட்டுச்சு. அப்பவும் விரிச்சேன். எங்கிட்டு ஐயா தப்பு?”

கேள்வி கேட்டே சீவித்த மனிதர் தருமலிங்கம். பதில் என்று ஒன்று அவருக்குள்ளே எழும்பி வந்து, தண்ணீர் குடித்த பிள்ளையைப் போலத் தலையைக் காட்டிவிட்டு மறுபடி அமிழ்ந்தது. அவருடைய கண்கள் வாங்கின் கால்களில் நின்றன. பிள்ளையின் முகத்துக்கு ஏற அவற்றால் முடியவில்லை.

“சும்மா இரு புள்ள, ஐயாவப் போட்டுக் கேள்வி கேட்டுக்கிட்டு,” என்று ஜெயம்மா அதட்டினாள். “ஐயா, வேற ஒரு சேதிங்க. கங்காணி வந்து சொல்லிட்டுப் போனாரு. நாளைக்கு விடியக்காலம் துரையோட கூட்டாளிங்க ரத்னபுரயில இருந்து வாராங்களாம். நான் இந்தக் கரையில குதிச்சு அந்தக் கரைக்கு நீந்திக் காட்டணுமாம். அதுக்கப்புறம் புள்ளைங்களுக்கு நான்தான் நீச்சல் சொல்லிக் குடுக்கணும்னு துரை முடிவு பண்ணிட்டாராம்.”

செல்வநாயகியும் கனகாம்பிகையும் வாத்தியாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

“உனக்கு…” என்று தொடங்கினார் வாத்தியார்.

“நாங்க குளிக்கிறது மலைத்தண்ணி கொட்டுற பீலியிலதானுங்களே ஐயா. இடுப்பளவு தண்ணியில நான் எறங்குனதே இன்னைக்குத்தான்.”

“காய்ச்சல் எண்டு சொல்லு. காலிலை அடி எண்டு சொல்லு.”

“காச்சல்னு சொன்னேனுங்க. கங்காணி நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுச் சிரிச்சாரு. துரை வார்த்தைய மாத்தவா முடியும்?” ஜெயம்மா குரலைத் தாழ்த்தினாள். “நெசத்தச் சொல்லிட்டா எனக்கு ஒன்னுமில்லீங்க. ஆனா அம்மா பேரு வெளிய வந்துரும். தங்கச்சி கலியாணம் கெட்டுப்போயிரும்னு இங்க துணி எடுக்க வர்ற வண்ணாத்தி சொன்னா. எம் புள்ள உசுரக் குடுத்தவங்க குடும்பத்துக்கு என்னால ஒரு கொறை வரப்படாது. நான் குதிச்சிடுறேன். அதுக்குத்தான் வந்தேன்.”

“எதுக்கு?”

ஜெயம்மா விறாந்தையில் காய்ந்துகொண்டிருந்ததைக் காட்டினாள்.

“அந்த வாங்கு கொஞ்சம் வேணுங்க. எனக்கும் சொல்லிக் குடுங்க. இருட்டறதுக்குள்ள படிச்சுக்கிறேன்.”

வாத்தியார் வாயைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்லவேண்டும். ஏன் வேண்டாம் என்று ஜெயம்மா கேட்பாள். வாங்கில் படித்தால் நீந்த வராது என்று அதற்குச் சொல்லவேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை அந்தப் பிள்ளையின் முன்னால் சொல்வதற்கு, ஆற்றில் குதிப்பதைவிட அதிகம் தைரியம் தேவைப்பட்டது. இரண்டும் அவரிடம் இல்லை. காலையில் ஒரு சொல்லால் நீந்தத் தெரியாத ஒருத்தியை நீந்தத் தெரிந்தவளாக்கினார். முழு வகுப்புக்கும் செய்த அதே காரியம்தான். அந்தப் பட்டியலில் இன்று ஒருத்தி கூடிவிட்டாள்.

அவர் பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று ஜெயம்மா எடுத்துக்கொண்டாள். சேலையைக் கணுக்காலோடு சுற்றிக்கொண்டு, கூச்சத்தோடு சிரித்து, வாங்கில் குப்புறப் படுத்தாள். தேய்ந்து வெடித்த குதிகால்கள் வாங்கின் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றன.

“அப்பிடியில்ல ஆத்தா,” என்றாள் இலட்சுமி. தெரிந்த பாடம் என்றதும் அவளுக்குக் குரல் வந்துவிட்டது. “கைய நல்லா விரி. இன்னும். ஐயா அதுக்குத்தான் மார்க்கு போடுவாரு. ஒன்னு! ரெண்டு!”

“இப்பிடியா?”

“ஆங். கால மடக்கு.”

குறட்டை எப்போது நின்றதென்று யாரும் கவனிக்கவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு, வாய் கொப்பளிக்கச் செம்போடு, அம்பலவாணர் பின் விறாந்தைக்கு வந்தார். வந்தவர் நின்றார். வாங்கில் காற்றை உதைத்துக்கொண்டிருந்த பெண்ணை முதலில் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, மெல்லத் திரும்பி, வாத்தியாரைப் பார்த்தார்.

“வாத்தியார், காலமை ஆத்தைக் குறுக்கறுத்தவள் இவள்தானே? இவளுக்கு இப்ப வாங்கிலை என்ன படிப்பு?”

“அது… அண்ணை… ஒரு பயிற்சி…”

“ஒன்னு! ரெண்டு!” என்றாள் இலட்சுமி.

ஜெயம்மா மூச்சு வாங்கியபடி கையை விரித்தாள். நாளைக்கும் அப்படியே விரிப்பாள்.

செல்வநாயகி புருஷனைப் பார்த்தாள். அவர் நனைந்து காய்ந்து விறைத்துப்போன தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தாள். கனகாம்பிகை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்களால் கெஞ்சிக்கொண்டு நின்றாள். அப்புறம் வாங்கின் நுனியில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்த அந்தக் குதிகால்களைப் பார்த்தாள்.

கருப்பட்டிப் பொதியைக் குனிந்து எடுத்து மகளின் கையில் கொடுத்துவிட்டு, அம்பலவாணருக்கு நேரே திரும்பினாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“அம்மா, வேண்டாம்!” என்றாள் கனகாம்பிகை.

காலையிலும் அதைத்தான் சொல்லியிருந்தாள். காலையிலும் செல்வநாயகி நின்றவளில்லை.